அந்நியோன்னியமும் பராதீனமும்: இத்தாலிய சமுதாயத்தில் அயல்நாட்டார் வாழ்வு

1. கேள்வியின் எல்லை

இத்தாலியில் குடியேறி வாழ்வதில் சௌகரியங்கள் எவை, அசௌகரியங்கள் எவை என்று கேட்பவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை, அந்நாட்டு மக்கள் அன்பானவர்கள், உணவு சிறந்தது, தட்பவெப்பம் இதமானது, ஆனால் சர்க்கார் அலுவலகங்களில் காரியம் எளிதில் நடவாது, சம்பளமும் குறைவு என்பதாகும். இவ்விடையில் பொய் ஏதுமில்லை. ஆயினும் நன்மைகளை ஒரு பக்கமும் தீமைகளை மறுபக்கமும் எழுதிக் கழித்துப் பார்க்கும் இம்முறையில், அவ்விரண்டும் ஒரே ஊற்றுக்கண்ணிலிருந்து புறப்படுபவையாக இருக்கலாமோ என்ற ஐயத்துக்கு இடமே கிடைப்பதில்லை. இத்தாலிய சமுதாயம் அந்நியனுக்கு அளிக்கும் நன்மைகளில் மிகப் பெரிதான அந்நியோன்னியமும், அவன்மீது சுமத்தும் துன்பங்களில் மிகக் கொடிதான பராதீனமும், ஆளுக்கு ஆள் நேரில் அறிந்து பழகும் பந்தத்தின்மேல் வாழ்க்கையை நிறுத்திவைக்கும் ஒரே அமைப்பின் விளைவுகள் என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

அயல்நாட்டார் அனைவரும் ஒரு வகையினர் அல்லர். வெளிநாட்டில் ஈட்டும் வருமானம் எத்தனை கோடியாயினும் ஆண்டுக்கு 1 லட்சம் யூரோ செலுத்தினால் போதும் என்று 2017ல் ஏற்படுத்தப்பட்டு, 2024ல் 2 லட்சமாக உயர்த்தப்பட்ட தனி வரித் திட்டத்தின்கீழ் வந்து தங்கும் செல்வரும் அந்நியரே. தென்பகுதிச் சிற்றூர்களில் குடியேறினால் 7 சதவீத வரி மட்டுமே என்ற சலுகையை நாடி வரும் ஓய்வூதியக்காரரும் அந்நியரே. குவெஸ்தூரா எனப்படும் போலீஸ் தலைமையகத்தின் வாசலில் விடியுமுன் வரிசையில் நிற்கும் வங்காளதேசத்து இளைஞரும் அந்நியரே. முன்னிரு வகையினரைப் பற்றி ஆராய அதிகம் இல்லை. பணம் அவர்களுக்கு வேண்டிய வழியைத் திறந்துவிடுகிறது. நாட்டில் வசிக்கும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அந்நியரில் மிகப் பெரும்பாலோர் உழைத்துப் பிழைக்க வந்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தினருமே: ருமேனியர் ஏறக்குறைய 10 லட்சம் பேர்; அவர்களை அடுத்து அல்பேனியர், மொரோக்கோவினர், சீனர், உக்ரேனியர்; வங்காளதேசத்தார், இந்தியர், இலங்கையர் ஆகிய ஒவ்வொரு நாட்டாரும் லட்சத்துக்கு மேல்.

இவர்களை ஏற்ற நாடோ, 1876 முதல் நூறாண்டுக் காலத்தில் ஏறக்குறைய இரண்டரைக் கோடி மக்களைத் தானே அமெரிக்காவுக்கும் ஆர்ஜென்டீனாவுக்கும் ஜெர்மனிக்கும் பிழைக்க அனுப்பிய நாடு. வருவோர் தொகை செல்வோர் தொகையை விஞ்சத் தொடங்கியது 1970களில்தான். ஆகவே, அந்நியரோடு வாழும் கலையை இத்தாலி கற்கத் தொடங்கி இரண்டு தலைமுறைகூட நிரம்பவில்லை என்பதை எந்த மதிப்பீட்டிலும் மறந்துவிடலாகாது.

2. முன்னோர் கூறிய விளக்கங்கள்

இத்தாலிய சமுதாயத்தின் இயல்பை விளக்கப் புகுந்தவர்களில் அதிகம் எடுத்துக்காட்டப்படுபவர் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் பேன்ஃபீல்டு. தெற்கே பசிலிக்காத்தா மாநிலத்தில் ஓர் ஏழைக் கிராமத்தில் தங்கி, அதற்குப் புனைபெயர் சூட்டி, 1958ல் அவர் வெளியிட்ட நூல், அங்குள்ளோர் தம் குடும்பத்தின் உடனடி லாபத்தையன்றி வேறொன்றையும் கருதுவதில்லை என்றும், குடும்பத்தின் எல்லையோடு அவர்களுடைய தர்மமும் முடிந்துவிடுகிறது என்றும் தீர்ப்புக் கூறியது. 1993ல் ராபர்ட் பட்னம், 1970ல் தோன்றிய மாநில ஆட்சிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இடைக்கால நகரக் குடியரசுகளின் நாள் முதல் வடக்கில் வேரூன்றிய பொதுவாழ்வுப் பழக்கமே வடக்கின் நல்லாட்சிக்கும், அது இன்மையே தெற்கின் சீர்கேட்டுக்கும் காரணம் என்று வாதித்தார்.

இவ்விரு விளக்கங்களும் கடுமையான மறுப்புக்கு உள்ளாயின. நிலமும் இல்லாமல், நியாயமும் கிடைக்காமல் கூலிக்கு உழைத்தவன் தன் குடும்பத்தை மட்டும் நம்பினான் என்றால் அது குணக்கேடன்று, அனுபவம் கற்பித்த விவேகம் என்ற மறுப்பு எனக்கு முற்றிலும் நியாயமாகவே படுகிறது. மேலும், இவ்விருவரும் ஆராய்ந்தது இத்தாலியர் இத்தாலியரோடு நடந்துகொள்ளும் முறையை. வெளியிலிருந்து வந்தவன் அக்குடும்பக் கோட்டைக்குள் எவ்வாறு நுழைகிறான் என்பதை அல்ல. அக்கேள்விக்கு நெருங்கி வந்த ஆய்வு, 2006ல் பொருளாதார அறிஞர்களான ஃபிரான்செஸ்கா பெத்தியோ, அன்னமரியா சிமொனாத்சி, பாவொலா வில்லா ஆகிய மூவர் எழுதியது. முதியோரைப் பேணும் பொறுப்பை வீட்டுப் பெண்கள் சுமந்த பழைய ஏற்பாடு மறைந்து, குடியேறி வந்த பெண்ணைக் குடும்பத்துக்குள்ளேயே அமர்த்திக்கொள்ளும் புதிய ஏற்பாடு தோன்றியிருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். குடும்பம் தன் கதவை அந்நியருக்குத் திறந்தது. ஆனால் தன் தேவைக்காக, தன் நிபந்தனைகளின்பேரில் திறந்தது.

3. ஆள் யார் என்று கேளாத உரிமைகள்

நன்மைகளில் முதலாவதாகச் சொல்லத்தக்கது வைத்தியம். உடல்நலம் தனிமனிதனின் அடிப்படை உரிமை என்று கூறும் அரசியல் சட்டத்தின் 32ஆம் விதியை நடைமுறைப்படுத்தி, 1978 டிசம்பரில் தேசிய மருத்துவ சேவை நிறுவப்பட்டது. இளமையில் பாசிச எதிர்ப்புப் போரில் ஈடுபட்டவரும் இத்தாலியின் முதல் பெண் அமைச்சருமான தீனா அன்செல்மி அப்போது சுகாதார அமைச்சர். அந்த அடித்தளத்தின்மேல், 1998ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஒரு படி மேலே சென்று, தங்கும் அனுமதியே இல்லாத அந்நியனுக்கும் அவசர, அத்தியாவசியச் சிகிச்சைகள் கிடைக்க வேண்டும் என்றும், அவன் மருத்துவமனைக்கு வந்ததை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கலாகாது என்றும் விதித்தது. அனுமதியுடன் வேலை செய்பவர் இத்தாலியரைப் போலவே குடும்ப மருத்துவரைத் தேர்ந்துகொள்கிறார். பரிசோதனைகளுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்வதும், தெற்கிலிருந்து நோயாளிகள் வடக்கு நோக்கிப் பயணம் செய்வதும் உண்மைதான். ஆனால் அத்துன்பம் நாட்டுக் குடிமக்களுக்கும் பொது.

பள்ளிக்கூடமும் அவ்வாறே. பெற்றோரிடம் அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழந்தைக்குக் கட்டாயக் கல்வி உண்டு. உடற்குறை உள்ள குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்காமல் பொது வகுப்பிலேயே வைத்துக் கற்பிக்கும் முறையை 1977லேயே சட்டமாக்கிய நாடு அது. அத்தகைய குழந்தையை உடைய அந்நியப் பெற்றோர் இந்த ஒரு காரணத்துக்காகவே இத்தாலியை விட்டு நகர மறுப்பதை எளிதில் புரிந்துகொள்ளலாம். பல்கலைக்கழகக் கட்டணம் குடும்ப வருமானத்தை ஒட்டி அமைவதால், வசதியற்ற வீட்டு மாணவன் கட்டணமே இன்றிப் பயில இயலும். மருத்துவ சேவையில் சேர அயல்நாட்டு மாணவர் செலுத்தும் தொகை 2024 முதல் 700 யூரோவாக உயர்த்தப்பட்டது வருந்தத்தக்க பின்னடைவு.

இவ்வுரிமைகளின் பொதுத் தன்மை ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவற்றைப் பெற எவருடைய தயவும் வேண்டுவதில்லை. முதலாளியின் கையெழுத்தோ, தெரிந்தவரின் சிபாரிசோ தேவையில்லை. இத்தாலியில் அந்நியன் தலைநிமிர்ந்து நிற்கும் இடங்கள் இவையே.

4. காகிதங்களின் உலகம்

இத்தாலிக்கு வருபவர் முதலில் பெறுவது கோதிச்சே ஃபிஸ்காலே எனப்படும் 16 குறிகள் கொண்ட வரிக் குறியீடு. இதுவின்றி வாடகை வீடும் கிடையாது, தொலைபேசியும் கிடையாது, சம்பளமும் கிடையாது. குடும்பப் பெயரிலிருந்து மூன்று மெய்யெழுத்துகள், சொந்தப் பெயரிலிருந்து மூன்று, பிறந்த ஆண்டு, மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறந்த தேதி (பெண்ணாயின் அதனோடு 40 கூட்டப்படும்), பிறந்த ஊரின் குறி, இறுதியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து என்று அது அமைகிறது. தந்தையின் பெயரை முதலெழுத்தாக மட்டும் தாங்கும் தமிழ்நாட்டவருக்கு முதல் மூன்று எழுத்துகளிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. ஓர் அலுவலகம் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு மற்றொன்று கொள்ளாவிடின், ஒருவருக்கே இரண்டு குறியீடுகள் பிறந்து, அவ்விருவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய நேரும். பிறந்த ஊரின் குறியோ இன்னும் ஆழமானது. அயல்நாட்டில் பிறந்தவருக்கு அவ்விடத்தில் இசட் என்ற எழுத்தும் நாட்டின் எண்ணும் வரும். இந்தியாவுக்கு 222, இலங்கைக்கு 209. பிற்காலத்தில் அவர் இத்தாலியப் பிரஜையாகிப் பாஸ்போர்ட்டே மாறினாலும் அந்த எழுத்து மாறுவதில்லை.

அடுத்தது, நம்மவர் பேச்சில் சுருக்கமாகச் சொஜோர்னோ என்று வழங்கும் தங்கும் அனுமதி. விண்ணப்பத்தைத் தபால் நிலையத்தில் கொடுத்து, ரசீதையே ஆவணமாக வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்து, விரல்ரேகை பதித்து, அட்டை கைக்கு வரும்போது அதன் காலத்தில் பெரும்பகுதி கழிந்துபோயிருப்பதும் உண்டு. நகராட்சியில் வசிப்பிடப் பதிவு செய்தால், குறித்த முகவரியில் அவர் மெய்யாகவே குடியிருக்கிறாரா என்று பார்க்க நகரக் காவலர் ஒருவர் வீட்டுக்கு வருவார். வரிக்கு அஞ்சி வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய மறுக்கும் வீட்டுக்காரரிடம் அகப்பட்டவர் இப்பதிவை இழக்கிறார். பதிவை இழந்தவர் அதைத் தொடர்ந்து வரும் அனைத்தையும் இழக்கிறார்.

இந்த வலையிலிருந்து மனிதரை மீட்பவரும் மனிதரே. தொழிற்சங்கங்கள் நடத்தும் பத்ரொனாத்தோ என்னும் உதவி நிலையங்களும், திருச்சபையின் காரித்தாஸ் அமைப்பும், பக்கத்து வீட்டு ஆசிரியையும் செய்யும் உபகாரம் அளவிடற்கரியது. தமக்கு யாதொரு சம்பந்தமுமில்லாத ஒருவருக்காக அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு குவெஸ்தூராவுக்கு உடன் செல்லும் இத்தாலியர் அரியவர் அல்லர். பேன்ஃபீல்டின் தீர்ப்பை நான் ஏற்க மறுப்பதற்கு இதுவே முதற் காரணம். ஆயினும் ஒருவருடைய சட்டப்பூர்வமான வாழ்வு அத்தகைய ஆசிரியை பக்கத்தில் இருப்பதையும் இல்லாததையும் பொறுத்து அமையுமானால், அந்த உபகாரம் எவ்வளவு உயர்ந்ததாயினும், அதை உரிமை என்று சொல்ல இயலாது.

5. வீட்டுக்குள் ஓர் இடம்

இத்தாலிய வாழ்வின் சிறப்பும் கொடுமையும் ஒருங்கே புலப்படும் இடம் முதியவரின் வீடு. 65 வயதைக் கடந்தவர் மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர். 2024ல் பெண்ணொருத்திக்குச் சராசரி 1.18 குழந்தை. பெற்றோரை முதியோர் இல்லத்தில் விடுவது குறை என்ற எண்ணம் இன்னும் வலுவாக உள்ள சமுதாயத்தில், மகளும் மருமகளும் வேலைக்குச் செல்லத் தொடங்கியபின் சிசுருஷை செய்ய ஆள் யார் என்ற கேள்வி எழுந்தபோது, அரசு பெரும்பாலும் பணத்தைக் கொடுத்து ஒதுங்கிக்கொண்டது. 1980ல் ஏற்பட்ட சட்டப்படி, பிறர் துணையின்றி இயங்க முடியாதவருக்கு வருமானம் பாராமல் வழங்கும் உதவித்தொகை இன்று மாதம் 500 யூரோவுக்குச் சற்று அதிகம். அதை எவ்வாறு செலவிட்டீர்கள் என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. அதனோடு ஓய்வூதியத்தையும் சேர்த்துக் குடும்பங்கள் அமர்த்திக்கொள்ளும் பணிப்பெண்ணே பதாந்தே. பதிவு பெற்ற வீட்டுப் பணியாளர் ஏறக்குறைய 8 லட்சம். அவர்களில் பத்தில் ஏழு பேர் அந்நியர். பதிவில்லாமல் உழைப்பவர்களும் ஏறத்தாழ அதே அளவினர் என்று மதிப்பிடப்படுகிறது.

நன்மைகளை மறைக்கலாகாது. வாடகையும் சாப்பாட்டுச் செலவும் இல்லை. ஆகவே சம்பளத்தின் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்ப முடிகிறது. 1974 முதல் வீட்டுப் பணிக்கெனத் தேசிய ஒப்பந்தம் ஒன்று இருந்து வருகிறது. டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம், வேலை முடியும்போது பணிக்கொடை, ஓய்வூதியச் சந்தா ஆகியவை சட்டப்படி கிடைக்க வேண்டியவை. உலகின் பல செல்வ நாடுகளில் வீட்டு வேலை செய்பவருக்கு இவற்றில் பாதிகூட இல்லை. பண்டிகை விருந்தில் அவருக்கும் ஒரு நாற்காலி இடப்படுகிறது. கிழவியோடு பேசிப் பேசியே மொழி கற்றதால், வகுப்பறை இத்தாலியத்துக்கு முன்பே வெனெத்தோ மாநிலத்து வட்டார வழக்கில் தேர்ந்துவிட்ட மோல்தோவியப் பெண்கள் பலர்.

ஆனால் உடன் தங்கி வேலை செய்பவருக்கு ஒப்பந்தம் விதிக்கும் வேலை நேரமே வாரம் 54 மணி. அதற்கு மேல், இரவில் மூன்று முறை எழுப்பும் முதியவரை எந்த ஒப்பந்தமும் தடுப்பதில்லை. ஓய்வு ஞாயிறு முழுவதும், வாரத்தின் வேறொரு நாளில் அரை நாளும். வழக்கத்தில் அது வியாழன் பிற்பகல். அவ்வேளையில் ரயில் நிலையத்தை அடுத்த பூங்காக்களில் பார்த்தால், பெஞ்சுகளில் நடுவயதுப் பெண்கள் நெருங்கி அமர்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்ததைப் பகிர்ந்து உண்பதையும், உக்ரைனுக்கும் ருமேனியாவுக்கும் செல்லும் சிறு வேன்களில், மேலெல்லாம் ஒட்டுநாடா சுற்றிப் பேரன் பேத்திகளின் பெயர் எழுதிய பெட்டிகளை ஏற்றுவதையும் காணலாம். அவர்கள் பெற்ற பிள்ளைகளைப் பாட்டிமார் வளர்க்க, அவர்கள் வேறொருவருடைய தாயைப் பேணுகிறார்கள். இத்தாலியில் இவ்வாறு பணிபுரிந்து திரும்பிய பெண்களிடம் ஆழ்ந்த மனச்சோர்வையும் உறக்கமின்மையையும் கண்ட உக்ரைனிய உளநோய் மருத்துவர் இருவர், 2005ல் அதற்கு இத்தாலியின் பெயரையே சூட்டினர். ஒரு நாட்டின் அன்பைப் பற்றி எழுதுகிறவர் எவரும் அப்பெயரைப் படித்துவிட்டுச் சற்று நிற்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடிது, பேணப்பட்டவரின் மரணம். ஈமச்சடங்கில் மகளைப் போல் நின்று அழுத பெண், அதே வாரத்தில் வேலையையும் படுக்க இடத்தையும் ஒருசேர இழக்கிறார். 2002ஆம் ஆண்டுச் சட்டம் தங்கும் அனுமதியை வேலை ஒப்பந்தத்தோடு பிணைத்துவிட்டமையால், நாட்டில் இருக்கும் உரிமையும் அப்போதே ஆடத் தொடங்குகிறது. வேலை இழந்தவருக்கு முன்பு ஆறு மாதமே அவகாசம் இருந்தது. 2012ல் அது குறைந்தது ஓராண்டாக நீட்டப்பட்டது. குடியேற்றத்தைக் கடுமையாக்கிய அதே 2002ல் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அனுமதி வழங்கப்பட்டதும், 2009ல் வீட்டுப் பணியாளருக்கென்றே தனியாக மன்னிப்புத் திட்டம் வந்ததும், அரசியலில் அந்நியர் வேண்டாம் என்போரின் வீடுகளிலும் அந்நியர் இன்றி ஒரு நாளும் கழியாது என்பதற்குச் சான்றுகள்.

6. வயல்வெளி: ஒரு முரண்பாடு

லோம்பார்தி, எமிலியா சமவெளிகளில், புகழ்பெற்ற பாலாடைக்கட்டிகளுக்குப் பால் தரும் மாட்டுப் பண்ணைகளில் பஞ்சாபியர் நிலையாக வேரூன்றியிருக்கிறார்கள். 2000ல் நொவெல்லாரா ஊரில் குருத்வாரா திறந்துவைக்கப்பட்டது. பண்ணையிலேயே வீடு, ஆண்டு முழுவதும் வேலை, குடும்பத்தை வரவழைக்கும் வசதி ஆகியவை அவர்களுக்கு அமைந்தன. ரோமுக்குத் தெற்கே லத்தீனாவைச் சூழ்ந்த வயல்களிலும் உழைப்பவர் பஞ்சாபியரே. அங்கு 2024 ஜூனில், ஒப்பந்தமின்றி வேலை செய்த 31 வயதுத் தொழிலாளி ஒருவரின் கை இயந்திரத்தில் சிக்கி அறுந்தபோது, அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல் வீட்டு வாசலில் விட்டுச் சென்றார்கள்; அறுந்த கை ஒரு பழப்பெட்டியில் இருந்தது. இரண்டு நாளில் அவர் இறந்தார்.

ஒரே இனத்தார், ஒரே நாடு, இரண்டு விதிகள். பட்னத்தின் கொள்கை இதற்கு வடக்கு, தெற்கு என்று விடை சொல்லும். ஆனால் லத்தீனா, சதுப்பு நிலத்தை வடித்து 1930களில் உண்டாக்கி, வெனெத்தோ முதலிய வடமாநிலங்களிலிருந்து உழவர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய பூமி; வடக்கின் பொதுவாழ்வுப் பழக்கம் அவர்களோடு வந்திருக்க வேண்டுமன்றோ? வேறுபாடு பயிரில் இருக்கிறது என்பதே என் கருத்து. மாடு நாள்தோறும் இருவேளை கறக்கப்பட வேண்டியது, ஆகவே கறப்பவன் நிலையானவனாக வேண்டும். காய்கறி பருவத்துக்குப் பருவம் பறிக்கப்படுவது, ஆகவே ஆட்களை அன்றன்று திரட்டித் தருபவன் தேவைப்படுகிறான். மலேயா, இலங்கைத் தோட்டங்களின் வரலாறு அறிந்த தமிழருக்கு இந்தத் தரகனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை: ஆள் சேர்ப்பவனும், வண்டியில் ஏற்றிச் செல்பவனும், கூலியில் தன் பங்கைப் பிடித்துக்கொள்பவனும், வேலை செய்பவனுக்கும் உடையவனுக்கும் நடுவே ஒரே வாயிலாக நிற்பவனுமாகிய கங்காணியே அவன். பெரும்பாலும் அவன் தொழிலாளியின் சொந்த நாட்டவன். இதற்கு இரையானவர் அந்நியர் மட்டுமல்லர். 2015ல் புல்லியாவின் திராட்சைத் தோட்டத்தில் இத்தாலியப் பெண் ஒருவர் மாண்டதன் பின்னரே, தரகனோடு முதலாளியையும் தண்டிக்கும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. சட்டம் நல்லது, அதை வயலில் நடைமுறைப்படுத்தும் ஆய்வாளர்கள் போதாது.

7. பலெர்மோவின் சான்று

1983க்குப் பின் இலங்கையிலிருந்து சிதறிய தமிழரில் ஒரு பகுதியினர் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் தங்கினர். அந்நகரின் காவற்புனிதையான ரொசாலியாவின் எலும்புகள், 1624ல் கொள்ளைநோய் பரவிய காலத்தில் பெல்லெக்ரினோ மலையில் கண்டெடுக்கப்பட்டன. அங்குள்ள குகை ஆலயத்துக்குக் கத்தோலிக்கத் தமிழரோடு சைவத் தமிழரும் ஞாயிறுதோறும் ஏறிச் செல்கிறார்கள். செப்டம்பர் 3ஆம் நாள் இரவு நகர மக்கள் மலையேறும் யாத்திரையில் வெறுங்காலோடு நடப்போர் இரு மொழிக்காரரும் ஆவர். அதற்கு அங்குள்ளோர் ஆட்சேபம் சொல்லாததோடு, தம் நகரின் பக்தி தழைப்பதாக மகிழவும் செய்கிறார்கள். வடக்கின் செழிப்பான நகரங்களில் எளிதில் கிடைக்காத ஏற்பு இது. ஆயினும் அங்கு நம்மவருக்குக் கிடைத்த வேலை, நாற்பதாண்டுக்குப் பின்னும், பெரும்பாலும் வீட்டு வேலையாகவே இருக்கிறது.

இதே காரணத்தால் வேறிடம் சென்றவர்களின் கதையும் உண்டு. பத்தாண்டு பொறுத்து இத்தாலியப் பாஸ்போர்ட் பெற்ற வங்காளதேசத்துக் குடும்பங்கள் பல, ஐரோப்பிய ஒன்றியத்தைப் பிரிட்டன் விட்டு விலகுமுன் லண்டன் சென்றுவிட்டதை ஃபிரான்செஸ்கோ தெல்லா புப்பா என்ற சமூகவியலர் ஆராய்ந்திருக்கிறார். பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வியும், தொழிற்சாலைக்கு அப்பாற்பட்ட உத்தியோகமும் கிட்டும் என்பதே அவர்களுடைய நம்பிக்கை. அங்கு சென்றபின் இத்தாலியின் மருத்துவ சேவையையும் அமைதியான வாழ்வையும் எண்ணி ஏங்கியவரும் அவர்களில் உண்டு. 1990 முதல் 2020 வரை சராசரி மெய்ச்சம்பளம் சரிந்த ஒரே முன்னேறிய நாடு இத்தாலி என்பதை நினைத்தால், அந்நாட்டு இளைஞர்களே வெளியேறும் காலத்தில் அந்நியரின் பிள்ளைகள் வெளியேறுவதில் வியப்பில்லை.

8. பிரஜா உரிமை

வீட்டுக்குள் இடம் தந்த சமுதாயம் நாட்டுக்குள் இடம் தரத் தயங்குகிறது. 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நியன் 5 ஆண்டு வசித்தால் பிரஜா உரிமை கோரலாம். அந்நியர் உண்மையிலேயே வரத் தொடங்கிய பிறகு, 1992ல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவருக்கு அது 10 ஆண்டாக்கப்பட்டது. அதே வேளையில், இத்தாலியை ஒருநாளும் கண்டிராத ஆர்ஜென்டீனக் கொள்ளுப்பேரனுக்கு இரத்த உறவின் வழியாகத் தலைமுறை வரம்பின்றி உரிமை கிடைத்து வந்தது. 2025ல்தான் அதற்கு எல்லை வகுக்கப்பட்டது. 10 ஆண்டை மீண்டும் 5 ஆக்க அவ்வாண்டு ஜூன் 8, 9 தேதிகளில் நடந்த பொதுவாக்கெடுப்பில், வாக்களித்தோரில் பெரும்பான்மையினர் இசைந்தபோதிலும், வந்து வாக்களித்தவர் 30 சதவீத அளவிலேயே நின்றமையால் அது செல்லாதாயிற்று. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவருக்கு நகராட்சித் தேர்தலிலும் வாக்கில்லை. தன் தெருவின் விளக்கைப் பற்றியும் தன் குழந்தையின் பள்ளியைப் பற்றியும் கருத்துச் சொல்ல, இருபதாண்டு அங்கு வாழ்ந்து வரி கட்டியவர் இன்னும் தெரிந்தவர் ஒருவரையே நாட வேண்டியிருக்கிறது.

இத்தாலியில் பிறந்து, இத்தாலியமே முதன்மொழியாக வளர்ந்த, பிரஜா உரிமை பெறாத அந்நியரின் குழந்தை 18 வயது நிரம்பியபின் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால்தான் பிரஜையாகலாம். அதுவரை இடைவிடாமல் அங்கேயே வசித்ததற்குச் சான்று வேண்டும். பெற்றோரின் பதிவில் விழுந்த ஓர் இடைவெளிக்காகவும், இக்கெடுவை அறியாமையாலும் உரிமை இழந்த இளைஞர் பலர். 2013ல் செய்யப்பட்ட ஒரு சிறு திருத்தம் இதற்குப் பரிகாரம் தேடியது. பெற்றோரின் அல்லது அலுவலகத்தின் தவறு பிள்ளையைப் பாதிக்கலாகாது என்று விதித்ததோடு, 18 வயது நிரம்புவதற்கு முந்திய ஆறு மாதத்துக்குள் நகராட்சி அப்பிள்ளைக்கு அவனுடைய உரிமையை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும், தெரிவிக்கத் தவறினால் ஓராண்டுக் கெடு அவனைக் கட்டுப்படுத்தாது என்றும் அது கூறியது. யாரையும் தெரிந்திராத வீட்டுக்கும் அந்தக் கடிதம் சென்றாக வேண்டும்.